பால் நிறுத்தும் மாத்திரை

சண்முகசுந்தரிக்கு முதலில் போனது மூக்குதான். தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் இருபது வருசத்துக்கு மேலாக நர்ஸாக இருந்தவள் அவள். டெட்டால் வாடையும் ரத்த வாடையும் மூக்குக்கு எட்டாமல் போனதை அவள் ஒரு சௌகரியமாகவே நினைத்திருந்தாள். 1981 குற்றாலச் சீசனில் ஒரு சாயங்காலம், அடுப்பில் பால் பொங்கி, அடிப்பிடித்து, புகை கூடம் வரைக்கும் வந்தபிறகும் அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் குத்தாலிங்கம் வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"ஏளா, என்னத்த யோசிச்சிக்கிட்டு நிக்கே? வீடே நாறுது!"

"எனக்கு ஒண்ணும் அடிக்கலியே."

"மூக்கு செத்துப் போச்சா ஒனக்கு?" என்று அடுப்பை அணைத்தார். இருவரும் சிரித்தார்கள். அவர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வீடு மேலகரத்தில். அவர் மேற்கே வேலைக்குப் போவார், இவள் கிழக்கே போவாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ராஜபாளையத்துக்கு அனுப்பியாகிவிட்டது. சிரிக்கிறதுக்கு அந்த வீட்டில் குறைவே இருந்ததில்லை.

சிரிப்புதான் அவளுடைய கைமுதல் என்று சொல்ல வேண்டும். லேபர் ரூமில் வலி வந்து கத்துகிற பெண்கள், அவள் தலைமாட்டில் வந்து நின்று சிரித்தாலே பாதி அடங்குவார்கள். வட்ட முகம், மூக்குத்தி, பல் தெரிகிற சிரிப்பு. "சுந்தரி அக்கா டூட்டியில இருக்காவளா?" என்று கேட்டுவிட்டு அட்மிஷன் போட்டவர்கள் உண்டு.

அந்தச் சிரிப்பு இரண்டு வருசத்தில் காணாமல் போனது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. பாவூர்சத்திரத்துத் தக்காளி மண்டிக்காரர் ஒருவரின் மருமகள், பிரசவித்த மறுநாள், பிள்ளையைக் குளிப்பாட்டக் கேட்டுவந்த சண்முகசுந்தரியிடம் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இந்த அக்கா வேண்டாம். கண்ணே சிமிட்ட மாட்டேங்கா. பிள்ளயவே வெறிச்சுப் பாக்கா."

சண்முகசுந்தரி வெளியே வந்தாள். கை கழுவுகிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். உள்ளுக்குள் சிரிப்பு கிளம்பியது அவளுக்குத் தெரிந்தது. அது முகத்துக்கு வந்து சேரவில்லை. கண்ணாடியில் இருந்தவள் யாரையோ பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வலது கை. சும்மா மடியில் வைத்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ உருட்டத் தொடங்கின. வேலையில் இருக்கும்போது நின்றுவிடும். வேலை முடிந்து உட்கார்ந்தால் மறுபடி உருட்டும். ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் வேதா இதை ஒருநாள் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சுந்தரி, பாளையங்கோட்டைல டாக்டர் ஆதித்தன்னு இருக்கார். மூளை நரம்பு டாக்டர். நாளைக்கே போம்மா."

ஆதித்தன் இளவயதுக்காரர். அவளை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், ஒரு காகிதத்தில் பெயர் எழுதச் சொன்னார். எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. "நடுக்குவாதம்தான் சிஸ்டர். பார்க்கின்சன்" என்றார். "மூளையில ஒரு சத்து வத்திக்கிட்டே வருது. அதுதான் கைகாலுக்கு ஒழுங்கா உத்தரவு போடுறது. வத்துனத திருப்பி ஊறவைக்க முடியாது. அந்தச் சத்து மாதிரியே நடிக்கிற ஒரு மாத்திரை இருக்கு. அதக் குடுத்துப் பாப்போம்."

அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கீழே மருந்துக்கடையில் வாங்கியதும் சண்முகசுந்தரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி மாடி ஏறினாள்.

"டாக்டர், இது பால் நிறுத்துற மாத்திரைல்லா?"

"ஆமா. நீங்க பிரசவ ஆஸ்பத்திரிங்கிறத மறந்துட்டேன்" என்று அவர் சிரித்தார். "ஒரே மாத்திரைதான். தாய்க்குப் பால் ஊறுறத நிறுத்தும். இந்த நோய்ல கை உருட்டுறத நிறுத்தும். சீக்கிரமா ஆரம்பிச்சா நோய் ஓடுற வேகமும் கொறையலாம்னு வெளிநாட்டுல சில பேரு எழுதுறாங்க. அத நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே எங்கிட்ட வரணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அந்த மாத்திரையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை இறந்து பிறந்தாலும் தாய்க்கு மூன்றாம் நாள் பால் கட்டும். அந்த வேதனை, பிரசவ வேதனையைவிடப் பெரிது. அப்போதெல்லாம் மல்லிகைப்பூவை நெருக்கமாகக் கட்டி மார்மேல் வைத்துத் துணியால் இறுக்குவார்கள். பூ வாட வாடப் பால் வற்றும். பிறகு இந்த மாத்திரை வந்தது. அவள் கையால் முதன்முதலில் இதை வாங்கித் தின்றவள் கடையத்துக்காரி, ஜாஹிரா பீவி என்று ஒரு சின்னப்பெண். 1980இல். மாதம் நிறைந்து, வயிற்றிலேயே அடங்கிப்போன தலைப்பிள்ளை. மாத்திரை கொடுத்தும் நம்பிக்கை இல்லாமல் அவளுடைய உம்மா பூவும் வாங்கிவந்து கட்டினாள். முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அன்று மத்தியானமே சண்முகசுந்தரி மகள் கல்யாணத்துக்காக லீவில் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள்.

கால் மாத்திரையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆரம்பத்தில் குமட்டல் பிரட்டி எடுத்தது. அது அடங்கியபின் ஒருநாள் காலையில் ஜாக்கெட்டின் கொக்கிகளைத் தானே மாட்டிக்கொண்டு வந்து குத்தாலிங்கத்தின் முன்னால் நின்றாள். அவர் பேப்பரைக் கீழே போட்டார். விரல் உருட்டுவது நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஊசி ஏற்ற மறுபடி அவளைக் கூப்பிட்டார்கள். சிரிப்பில்கூட ஒரு பாதி திரும்பி வந்தது.

அப்புறம்தான் மற்றது தொடங்கியது.

முதலில் அது ஆளாக வரவில்லை. பக்கத்தில் யாரோ இருக்கிற எண்ணம், அவ்வளவுதான். அம்மியில் அரைக்கும்போது இடது தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பினால் சுவர். பிறகு ஒரு பூனை. அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. சாம்பல் நிறத்தில் கூடத்தைக் கடந்து புழக்கடைப் பக்கம் போகும். பின்னாலேயே போய்ப் பார்த்தால் புழக்கடைக் கதவு உள்தாழ் போட்டபடி இருக்கும்.

இது மாத்திரையின் வேலை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் குறைத்துவிடுவார்கள். குறைத்தால் கொக்கி மாட்டுவதற்கு மறுபடி புருசனைக் கூப்பிட வேண்டும். பூனைதானே, வந்துவிட்டுப் போகட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

1985 ஆடியில் வெயில் தலைகாட்டவே இல்லை. மலையிலிருந்து மேகம் இறங்கித் தெருவிலேயே உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. குற்றாலத்தில் நல்ல கூட்டம், குத்தாலிங்கம் லாட்ஜே கதியாகக் கிடந்தார். காலை டூட்டி முடித்துவந்து சண்முகசுந்தரி பின்னறையில் படுத்திருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கே அறைக்குள் இருட்டு கட்டியிருந்தது. ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் மட்டும்.

அவளுக்கு மல்லிகை வாசம் அடித்தது.

நான்கு வருசமாக எந்த வாசனையும் அறியாத மூக்கு அது. புதுப்பூ வாசம் இல்லை. உடம்புச் சூட்டில் கிடந்து வாடிப்போன பூவின் வாசம். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் வெள்ளைத் துப்பட்டி. முகம் கீழே குனிந்திருந்தது. மார்புப் பக்கம் ரவிக்கை இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. இடது கை, பிள்ளையின் தலையைத் தாங்குவதற்கு வளைக்கிற மாதிரி வளைந்திருந்தது. வளைவுக்குள் ஒன்றும் இல்லை.

"யாரு அது?" என்றாள் சண்முகசுந்தரி. நோய் வந்தபிறகு குரலும் சிறுத்துவிட்டது. அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் போனாள். போய்ச் சேர்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே தரைதான் இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்த தரை. வாசமும் போய்விட்டிருந்தது.

அந்த ஆடி முழுக்க அந்தப் பெண் வந்தாள். வெளிச்சம் குறைந்த மத்தியானங்களில் மட்டும். வந்தால் அதே இடம், அதே இருப்பு. எதுவும் செய்யமாட்டாள். சண்முகசுந்தரிக்குப் பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பக்கத்தில் போனால் போய்விடுவாளே என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பால் கட்டி வலிக்கிற ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போக அவள் உடம்புக்குப் பழக்கம் இல்லை.

ஒருநாள் அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். சண்முகசுந்தரியின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம், விரல்கள் உருட்டத் தொடங்கியிருந்தன. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த முகம். ஜாஹிரா பீவி.

அன்று ராத்திரி சண்முகசுந்தரி, செத்துப்போனவள்தானே இப்படி வருவாள் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனபிறகு அந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்திருப்பாளோ? யாரிடம் கேட்பது? மறுநாள் குத்தாலிங்கத்திடம், கூட வேலைபார்த்த ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பாவூர்சத்திரத்தில் இறங்கி, கத்திரிக்காய் மூட்டைகளோடு நெருக்கியடித்து இன்னொரு பஸ் ஏறிக் கடையம் போய்ச் சேர்ந்தாள். ஜாஹிராவின் புருசன் தையல்காரன் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. பஸ் நின்ற இடத்தில் விசாரித்தாள். "தையல்கார மைதீன் வீடா? அந்தா அங்கன, பள்ளிவாசலுக்குப் பின்னால" என்று கை காட்டினார்கள்.

திறந்த வாசலுக்கு நேரே, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தூளியில் ஒரு கைப்பிள்ளை. நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு... நர்ஸக்காவா? அல்லா! எப்படி இருந்த ஆளு, இப்படி மெலிஞ்சு போனியளே அக்கா! உள்ள வாங்க."

சண்முகசுந்தரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஜாஹிரா உயிரோடு இருக்கிறாள். சதை போட்டிருக்கிறாள். காதில் புதுக் கம்மல்.

"நல்லா இருக்கியா ஜாஹிரா?"

"எனக்கென்னக்கா. மூத்தவன் பால்வாடிக்குப் போயிருக்கான். இவ ரெண்டாவது. ஒங்களுக்கு என்ன செய்யுது? முகமே ஒரு மாரி இருக்கே."

"கொஞ்சம் மேலுக்கு முடியல. அங்கன இங்கன வந்தேன், ஒன்ன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு..."

ஜாஹிரா தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து வைத்தாள். மறுபடி தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் தாமாகவே சுருட்டின. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அக்கா, அந்த மாத்திரய இன்னும் குடுக்கியளா?"

"எந்த மாத்திர?"

"பால் நிக்கதுக்குக் குடுத்தியள்லா. அதத் தின்ன பொறவு எனக்கு ஒண்ணு நடந்துச்சு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா தர்காவுக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போட்டுருவாவ." அவள் தூளியை ஒரு ஆட்டு ஆட்டினாள். "கட்டிலுக்குக் கால்மாட்டுல ஒருத்தி வந்து உக்காந்தா. பட்டப்பகல்ல. எங்க உம்மா பக்கத்துலதான் இருந்தா, அவ கண்ணுக்குத் தெரியல. வயசான பொம்பள. மூஞ்சி மரத்துல செதுக்குன மாரி. கண்ணு சிமிட்டவே இல்ல. என்னயவே பாத்துக்கிட்டு இருந்தா. மத்ததெல்லாம் அசையாது, வலது கை மட்டும் சும்மா இருக்காது. இந்தா, பீடி சுத்துத மாரி. ஆனா கையில இலை இல்ல."

செய்து காட்டிய விரல்கள் அப்படியே நின்றன. ஜாஹிராவின் கண் சண்முகசுந்தரியின் மடிக்கு வந்திருந்தது. காலையில் தின்ற மாத்திரையின் வேகம் பஸ்ஸிலேயே இறங்கிவிட்டது. மடியில் கிடந்த வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அப்ப நீங்க இப்படி இல்லல்லா அக்கா" என்றாள் ஜாஹிரா, மெதுவாக. "நல்லாச் சிரிச்ச முகமால்லா இருந்தியளே."

"பயந்துட்டியாட்டி?"

"மொதல்ல பயந்தேன். பொறவு, இவ எந்திரிச்சுப் போயிரக்கூடாதேன்னு இருந்துச்சு. வந்தவுக எல்லாரும் பிள்ளயப் பத்திப் பேசாத, பேசாதன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாவ. அவ ஒருத்திதான் எங்கயும் போகாம இருந்தா."

புறப்படும்போது ஜாஹிரா வாசல் வரைக்கும் வரவில்லை. தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை மட்டும் ஆட்டினாள்.

சண்முகசுந்தரி வீட்டுக்கு வந்ததும் குத்தாலிங்கத்திடம் பூனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறுநாளே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்.

ஆதித்தன் கோபப்பட்டார். அன்றைக்கே வரச் சொன்னேனே என்றார். பிறகு கோபம் ஆறி விளக்கினார். மாத்திரை தொடுவது மூளையில் ஒரே இடத்தைத்தான். நோயாளி ஒரு விதமாகப் பார்ப்பாள், பிரசவித்துத் தூக்கமில்லாமல் கிடப்பவள் ஒரு விதமாகப் பார்ப்பாள், இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

"கடையத்துப் பிள்ள சொன்ன அடையாளம்?" என்றார் குத்தாலிங்கம்.

"இந்த நோய் வெளிய தெரியறதுக்குப் பல வருசம் முன்னாலயே உள்ள ஆரம்பிச்சிரும். எண்பதுலயே சிஸ்டருக்குக் கை லேசா நடுங்கியிருக்கலாம், முகம் இறுக ஆரம்பிச்சிருக்கலாம். சிஸ்டருக்கே தெரிஞ்சிருக்காது. கட்டில் பக்கத்துல இவங்க உக்காந்திருந்தத அந்தப் பொண்ணு ஜுரத்துல பார்த்திருப்பா."

சண்முகசுந்தரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அந்த வாரம் ஊர்லயே இல்ல டாக்டர். மக கல்யாணத்துக்கு லீவுல இருந்தேன்."

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். "மாத்திரையப் பாதியாக் கொறைப்போம். கூட வேற ஒண்ணு தாரேன்."

குறைத்ததும் நடுக்கம் பாதி திரும்பியது. கொக்கி மாட்டக் குத்தாலிங்கம் வந்தார். அதற்குப் பிறகு ஜன்னலுக்குக் கீழே யாரும் உட்காரவில்லை. இருட்டு கட்டிய மத்தியானங்களில் அவள் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பாள்; அவ்வளவுதான். நோய் மெதுவாகத்தான் நடந்தது. இதே நோய் வந்த மற்றவர்கள் இரண்டு மூன்று வருசத்தில் படுக்கையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், சிஸ்டர் இன்னும் தன் காலில் நடக்கிறார் என்று ஆதித்தன் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அது மாத்திரையாலா, அவள் உடம்பின் வாகாலா என்று கேட்டால், தெரியாது என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அவள் கடைசி வரைக்கும் அவரிடமே போனாள். எண்பத்தொன்பதில், மகள் வீட்டில், நிமோனியாவில் இறக்கும்வரை சுவரைப் பிடித்தாவது நடந்துகொண்டிருந்தாள்.

வேலையை அவள் எண்பத்தாறிலேயே விட்டுவிட்டாள். விட்டபோது டாக்டர் வேதாவிடம் ஒன்று கேட்டாள்.

"டாக்டரம்மா, பிள்ள தங்காம போனவளுக்கு அந்த மாத்திர குடுக்கும்போது எனக்குச் சொல்லி அனுப்புங்க. நான் வந்து கூட இருக்கேன்."

"இந்தக் கையை வச்சுண்டு நீ என்னம்மா செய்யப்போறே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். இருப்பேன்."

வேதாவுக்குப் பாதிதான் சம்மதம். ஆனாலும் சொல்லி அனுப்பினார். அந்த வருசம் ஐப்பசி மழையில் ராயகிரியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஏழாம் மாசத்திலேயே பிறந்த குழந்தை, ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. சொந்தக்காரர்கள் குழந்தையை அடக்கம் செய்யப் போயிருந்தார்கள். சண்முகசுந்தரி ரிக்சாவில் வந்து இறங்கி, கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மழை இருட்டு. அந்தப் பெண் மாத்திரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். முதலில் சுவரைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். அசையாத முகம், சிமிட்டாத கண், மடியில் உருளுகிற விரல்கள். அந்தப் பெண் போர்வையை இழுத்து மார்மேல் போட்டுக்கொண்டாள்.

"நீங்க..." என்றாள். மறுபடி கேட்டாள். "நீங்க நெசமான ஆளுதானா?"

சண்முகசுந்தரி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வலது கையைக் கட்டிலின்மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாருட்டி" என்றாள்.

அந்தப் பெண் கையை நீட்டினாள்.